திரும்பி வந்த நூல்களில் இருந்தவை

கடைக்காரர்கள் கடன் எழுதும் 555 நோட்டில்
இவற்றை எழுதி வைக்கிறேன்.
தேதி, நூல், பக்கம், தாள்.
பகாவ் கிளை நூலகத்தின் படிவத்தில்
இதற்கென்று கட்டம் கிடையாது.

எண் 4. சமையல் குறிப்புகள், பக்கம் 31.
கிளினிக்கில் கொடுத்த வரிசைச் சீட்டு: 2087.
கூப்பிடும் முன்பே எழுந்து வந்திருக்க வேண்டும்.
கசங்கவே இல்லை.

எண் 9. மலாய் நாவல். நாலு நம்பர்ச் சீட்டு.
சரிபார்த்தேன், விழவில்லை.
சரிபார்த்ததையும் எழுதியிருக்கிறேன்.

எண் 17. ஐந்தாம் ஆண்டுக் கணிதம்.
செம்பனைக் குலைக் கணக்கு, பென்சிலில்:
நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது, மழை, மழை, ஐம்பது.
மழையையும் சேர்த்துக் கூட்டப் பார்த்து
யாரோ அழித்திருக்கிறார்கள்.

எண் 23 எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியாது.
உதறியபோது விழுந்தது. என் பிழை.

'சம்பா' என்றார் புவான் நோர்லைலா, கூடையைக் காட்டி.
மலாயில் அது குப்பை.
எத்தனை வருடமானாலும்
எனக்கு முதலில் அரிசிதான் தோன்றுகிறது.
பிறகு ஒரு நாள் அவரே
என் மேசையில் மீன்கடை ரசீது ஒன்றை வைத்துவிட்டு,
'அறுபதாம் பக்கம்' என்று மட்டும் சொல்லி
தொழுகைக்குப் போனார்.

எண் 38.
துப்பறியும் நாவல், மொத்தம் 340 பக்கம். பக்கம் 112.
தோட்ட நிர்வாகத்தின் கடிதம், நான்காய் மடித்தது.
பெறுநர்: ஆ. பவளக்கொடி, ஆறாவது லயம், மூன்றாம் வீடு.
முப்பது நாளுக்குள் காலி செய்யவும்.
கீழே மானேஜர் கையெழுத்து,
அவசரத்தில் போட்டது, ஒரு கோடும் ஒரு சுழியும்.

நூல் மட்டும் தவணைக்கு இரண்டு நாள் முன்பே
திருப்பித் தரப்பட்டிருந்தது.
நாங்கள் அனுப்பிய அஞ்சலட்டை
'முகவரி இல்லை' என்ற முத்திரையோடு வந்தது
(அதுவும் நோட்டில் இருக்கிறது, எண் 39).
இரண்டாவது கொலை 130இல் நடக்கிறது என்று
பின்னட்டையே சொல்லிவிடுகிறது.
அதற்குள் அவருக்கு லாரி வந்துவிட்டது.

ஐந்து வருடம் யாரும் எடுக்காத நூல்களைக்
கழிக்கச் சொல்லிப் பட்டியல் வந்தபோது
அதில் இதுவும் இருந்தது.
என் அட்டையில் எடுத்துக்கொண்டேன்.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை
நானே எனக்குப் புதுப்பித்துக் கொடுக்கிறேன்.
கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

112 வரை படித்துவிட்டேன்.
ஒரு மருத்துவர், ஒரு தங்கை, ஓட்டல் மானேஜர்,
மூவரும் அன்றிரவு அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.
மேலே படிக்கவில்லை.
அவர் வந்து கேட்டால்
நானும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கென்னவோ
அந்த மானேஜர்மேல்தான் சந்தேகம்.