தரையில் கேட்பவன்

மூணாவது தடவை போகிறேன்.
ஓலைத் தட்டியை உள்ளிருந்து
பிடித்துக்கொண்டிருக்கிறாள் நம்புராணி.
"ஆளில்லை" என்கிறது தட்டி.

பிறகு தட்டியே பேசியது:
"இவன் அப்பனும் நாலு வயசிலதான்
வாய் திறந்தாராம் டீச்சர்.
காது நல்லாக் கேக்குது.
பாலத்துல ரயிலு ஏறினா
எங்களுக்கு முந்தித் திரும்புறான்."

உள்ளே போய்
சர்வினுக்குப் பின்னால் நின்று
சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்தேன்.
கோழி பறந்தது.
அவன் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தான்.
தரையில் ஒரு மிதி மிதித்தேன்.
திரும்பினான். சிரித்தான்.

நம்புராணி கரண்டியைப் பிடுங்கி
தானும் அடித்துப் பார்த்தாள்.
பிறகு இன்னொரு முறை.
பிறகு, மெதுவாக, இன்னொரு முறை.

ராம்நாட்டுப் பெரியாஸ்பத்திரி,
செவ்வாய், காலை பத்து மணி
என்று படிவத்தில் ஏறிவிட்டது.
சின்னப்பாலத்தில் கிழமைக்கு மதிப்பில்லை.
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்
நீர் வத்தும்; பாசி எடுக்கலாம்.
மிச்ச நாளெல்லாம் கடன்.
அந்தச் செவ்வாய்
அமாவாசைக்கு மறுநாள்.

ஃபோன் போட்டேன்.
"அமாவாசைன்னு கம்ப்யூட்டர்ல
காரணம் போட முடியாதும்மா."
"அப்ப காய்ச்சல்னு போடுங்க சார்.
அடுத்த வாரம் கூட்டியாறேன்."

நல்லது எதுவும் தொடங்காத அஷ்டமியில்
பஸ் ஏறினோம்.
பாசி அறுத்த விரல்களில் துணி சுற்றி
டிக்கெட்டைப் பிடித்திருந்தாள்,
என்னிடம் பேசவில்லை.

சர்வின் சீட்டில் உட்காரவே இல்லை.
பஸ்ஸின் தகரத் தரையில்
இரண்டு உள்ளங்கையும் பதித்து
உச்சிப்புளி தாண்டும்வரை
எதையோ கேட்டுக்கொண்டே வந்தான்.