புள்ளி

தேவகோட்டை ரஸ்தா, கண் ஆஸ்பத்திரி.
ரோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய கட்டடம்,
அந்தப் பக்கம் புதுசு, போன வாரம் பால் காய்ச்சினது.
நடுவில் ஒரு ரவுட்டர், நான் மாட்டியது.

காலை ஏழரை.
புதுக் கட்டடத்தில் பதினாலு கம்ப்யூட்டர்.
பதினாலும்
நூற்று அறுபத்தொன்பதில் ஆரம்பிக்கிற
ஒரு பொய் விலாசத்தைத் தாமே எழுதிக்கொண்டு
ஒன்றையொன்று பார்த்திருந்தன.
வெளியே டோக்கனோடு எண்பது பேர்,
பாதிப்பேர் ஒரு கண்ணில் பஞ்சோடு.

அது கேட்கிற விதம் இப்படி:
தனக்கென்று விலாசம் இல்லை,
அதனால் அனுப்புநர் இடத்தில் நாலு சுழியம்.
யாரைக் கேட்பதென்று தெரியாது,
அதனால் பெறுநர் இடத்தில் எல்லாரும்.
'யாராச்சும் இருக்கீகளா,
எனக்கொரு நம்பர் குடுங்க.'
கம்பி முழுக்கக் கேட்கும் அந்தக் கூவல்
ரவுட்டர் வாசலில் விழுந்து அணையும்.
கூச்சலைக் கடத்துவதில்லை ரவுட்டர்.
கடத்தினால் எல்லாத் தெருவும் ஒரே சந்தை.
அந்தப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே,
மடி நிறைய நம்பரோடு
சர்வர் சும்மா உட்கார்ந்திருந்தது.

'கையால எழுதிப் போட்ரலாம்ல?
பதினாலுதானே' என்றார் கணக்குப் பிரிவு சிகப்பி.
போடலாம்.
நாளைக்கு மேசையை மாற்றுவீர்கள், ஒன்று பழுதாகும்,
ஒரே நம்பர் இரண்டு பேருக்கு விழும்,
இரண்டும் ஊமையாகும்.

ரவுட்டரின் காதில் ஒரு வரி தட்டினேன்:
கூவல் கேட்டால் கடிதமாக்கு.
எந்த வாசலில் கேட்டாயோ
அந்த வாசலின் பேரை நெற்றியில் எழுது.
சர்வர் கையில் நேரே கொடு.

'ஆள் யாருன்னு பார்க்காதா?'
முதலில் வாசல். பிறகுதான் ஆள்.
சிகப்பி சிரித்தார்.
'எங்க கல்யாணப் பேச்சு மாதிரியில்ல இருக்கு.
இளையாத்தங்குடியா, மாத்தூரா,
கோயிலைக் கேட்டுட்டுத்தான் பேரைக் கேப்பாக.'

சர்வர் பேசவில்லை.
கடிதம் போயிருக்கிறது, கிடைத்திருக்கிறது,
பதில் மட்டும் இல்லை.
ஐந்து நிமிஷம் வியர்த்த பிறகு உறைத்தது:
இப்படியொரு வாசல் உண்டென்று
அதற்கு நான் சொல்லவேயில்லை.
அந்தக் கட்டடத்துக்கு ஒரு நம்பர்கூட ஒதுக்கவில்லை.
ஒதுக்கினேன்.
எட்டு பத்து.

திரையை விரல் வைத்துப் படித்தார்:
'பத்து புள்ளி இருபது புள்ளி ரெண்டு புள்ளி பதினொண்ணு.
மூணு புள்ளியா!
கோயில் கணக்குல எங்க வீடு இப்ப அரைப்புள்ளி.
அவுக போனதுலேருந்து.'
வரி பாக்கி சொல்கிற குரல்.
எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்:
இது எட்டு மணி நேரக் குத்தகைதான்.
பாதி நேரத்தில், கூவாமல்,
கொடுத்தவரையே பேர் சொல்லிக் கேட்டு நீட்டிக்கொள்ளும்.
'நிரந்தரம்னு யாருக்கும் கெடையாதா?'
பிரிண்டருக்கு உண்டு.

நானும் குத்தகைதான் என்று ஏன் சொன்னேனோ.
செக்காலையில் பதினோரு மாத ஒப்பந்தம்,
முப்பதாம் தேதி முடிகிறது.
ஏழு வீடு பார்த்தாயிற்று.
சாவியோடு வருவார்கள், தண்ணீர் வசதி சொல்வார்கள்,
பேர் கேட்பார்கள்.
சிக்கந்தர்.
யோசித்துச் சொல்கிறோம் தம்பி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எண்பது பேரில் முதல் டோக்கன் உள்ளே போனது.
கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலோரம், போனில்:
'சின்னாத்தா, மாடி சும்மாதானே கெடக்கு?
இல்ல, நான் சொல்றேன்.
எம் பேரைப் போட்டுக்கங்க.'

மறுமுனை என்ன சொன்னதென்று
இதுவரை தெரியாது.
பன்னிரண்டு பத்துக்கு
தயிர்ச்சோற்றைப் பிரித்தபோது
பதினாலு கம்ப்யூட்டரும், ஒரு சத்தமில்லாமல்,
இன்னும் எட்டு மணி நேரம் வாங்கிக்கொண்டன.