ஒத்த பெயர்

கொழும்பில் நண்டு எடுக்கிறவர்
போன மாதம் சொல்லிவிட்டார்:
"உங்கட அந்தத் துண்டு இனிக் காணாது.
கம்பனியா வாங்க."

துண்டு என்றது
பிரதேச செயலகத்தில் நானும் ஜெசீமாவும்
அரைநாள் நின்று எடுத்த
வியாபாரப் பெயர்ப் பதிவை.
சட்டம் போட்டு
ஐஸ்பெட்டிக்கு மேலே கொழுவியிருக்கிறோம்.
நண்டுத் தண்ணி ஊறி
ஒரு மூலையில் முத்திரை வீங்கிவிட்டது.

லொறி போன பிறகு, இரவு ஒன்பதரை,
தராசில் போனைச் சாத்திவைத்துத்
தேடத் தொடங்கினோம்.
வளை.
நண்டு தோண்டிக் குடியிருக்கிற வளை.
வாவிச் சேற்றில் முழங்கால் புதைய
ஜெசீமா ஒருநாள் சொன்ன பெயர்.

இங்கிலீசில் அடித்தோம்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பிறகு கொட்டியது:
நீர்கொழும்பில் ஒரு வலை,
கண்ணாடி வளை இறக்குகிற ஒருவர்,
யாழ்ப்பாணத்தில் வாழைக்காய்ப் பொரியல்,
மன்னாரில் ஒரு வாளை, கருவாடாக இருக்கும்.
எல்லாருக்கும் அதே ஐந்து எழுத்து.

"நம்மட ஊருக்கே இதான் கத," என்றாள்.
உண்மைதான்.
வாழைச்சேனை ஸ்டேசன் பலகையில்
தமிழைக் கையால் மறைத்துவிட்டு வாசித்தால்
வாழை இல்லை அந்தச் சேனையில்.
அதற்காக யாரும்
றெயிலைத் தவறவிட்டதும் இல்லை.

ஒத்த பெயர் உண்டு. வேறு பெயர் முயலவும்.

முயன்றோம்.
இன்னொரு எல் போட்டோம்: வள்ளைக்கீரை.
முன்னால் கிழக்கு என்று போட்டோம்,
அதுவும் ஒத்தது.
பிறகு ஜெசீமா நகத்தைக் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு பெயராகத் திறந்தாள்.
திருக்கோவிலில் ஒரு வலைக் கம்பனி.
இயக்குநர் இருவர்,
பேரின்பன், சுதாமதி. ஒரே முகவரி.
நிலை: இயங்குகிறது.

நம்பர் ஒரு தோணிக்காரரிடம் கிடைத்தது.

"வலையா? அத விட்டு ஆறு வருசம்.
இப்ப போன் திருத்திறன்."
"அப்ப பேர எங்களுக்குத் தருவியளா?"
சிரித்தார்.
"எனக்கென்ன, கடிதம் தாறன்.
ஆனா ரெண்டு கையெழுத்து வேணும் புள்ள.
மற்றது பெண்சாதிட."
"அவவக் கேளுங்களன்."

காசு முடிந்து லைன் அறுந்ததுபோல் இருந்தது.
ஒரு ஸ்கூட்டர் கடந்துபோனது அவர் பக்கத்தில்.
"அவ தம்பிலுவில்ல, மகளோட.
கூப்பிடு தூரம்தான்.
நாலு வருசமாக் கூப்பிடல்ல."

வைக்கப்போகையில் கேட்டார்:
"உங்கட எந்த ளானா?"
"நண்டு வளை."
"ஆ," என்றார். "அப்ப வேற."

வேறதான்.
அதை அந்தப் பெட்டிக்குள் எங்கே எழுதுவது?

ஆனி முடிய முந்தி வேணும் என்று
கொழும்பு நெருக்கியதில்
என் முதலெழுத்தும் அவள் முதலெழுத்தும்
ஒரு எக்ஸ்போர்ட்ஸும்.
அடித்த உடனே பச்சை விழுந்தது:
இப்பெயர் கிடைக்கும்.
நாடு முழுக்க ஒருவரும்
ஆசைப்படாத பெயர்.
காசு கட்டினோம். பிறைவேட் லிமிட்டட் ஆனோம்.
அன்றைக்கும் எழுபது கிலோ,
அதில் பன்னிரண்டு கால் உடைந்தவை.

ஆவணியில் ஒரு கடித உறை வந்தது.
திருக்கோவில் தபால் முத்திரை.
கொப்பித் தாள், கோடு போட்டது.
வலை என்னும் பெயரை இவர்கள் பாவிப்பதில்
எமக்கு ஆட்சேபனை இல்லை.
கீழே இரண்டு கையெழுத்து,
ஒன்று நீலம், ஒன்று பச்சை.

ஜெசீமா வாங்கி
விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
மேலே, முதல் வரியில்,
அவர் எழுதிய லையை வெட்டி
பச்சைப் பேனை
ளை என்று போட்டிருந்தது.