முப்பத்தாறாம் பல்

கையை உயர்த்தினேன்.
பழக்கம்தான்.
சஸ்கட்டூனில் நான்கு வருடம்
ஒவ்வொரு படிக்கும் ஒரு கையெழுத்து வேண்டும்.
விறைப்பூசி போட ஒன்று,
சூத்தையைச் சுரண்டி முடித்தால் ஒன்று,
அடைக்க முன் ஒன்று, அடைத்த பின் ஒன்று.
நோயாளி வாய் பிளந்தபடி காத்திருக்க
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யாராவது வருவார்கள்,
ஊசிமுனையால் பல்லை ஒரு தட்டுத் தட்டி
"இன்னும் கொஞ்சம்" என்பார்கள்.
அந்த இன்னும் கொஞ்சத்தின் மேல்
நான் எரிச்சல்படாத நாளில்லை.

மூஸ் ஜாவில்
உயர்த்திய கைக்கு ஒருவரும் வரவில்லை.
எதிரே சுவர். சுவரில் மணிக்கூடு.
"ஆரைக் கூப்பிடுறீங்கள் டொக்டர்?"
முகக்கவசத்துக்குள் ரோவெனா சிரித்தது
கண்ணோரத்தில் தெரிந்தது.
விளக்கைத் திருப்பத்தான் கை தூக்கியதுபோல்
விளக்கைத் திருப்பினேன்.

பதினொரு வருடம் அவள் இந்த அறையில்.
நான் தவறான கருவியைக் கேட்டால்
சரியானதைக் கையில் வைத்துவிட்டு
வேறெங்கோ பார்ப்பாள்.

மிதுலா திருச்செல்வம் என்ற பெயர்
வரவேற்பு மேசையில் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது.
மூன்றாம் நாள்
டொக்டர் எம்.

முத்தென்றும் முல்லை அரும்பென்றும் பாடி வைத்தவர்கள்
எவருடைய வாய்க்குள்ளாவது
வெளிச்சம் அடித்துப் பார்த்தார்களா, தெரியவில்லை.
எனக்கு வாய்த்தவை
சூரியகாந்தி விதை உடைத்து உடைத்துக் குழிந்த முன்பல்,
இரவு வேலைக்காரரின்
நெருமி நெருமித் தட்டையான கடைவாய்,
காப்புறுதி காலாவதியாக முன்
ஓடி வருகிற டிசம்பர் கூட்டம்.

வெள்ளிக்கிழமைகளில் கோப்பியோடு ஒரு தாள் வரும்,
என் நாற்காலி மணிக்கு எவ்வளவு உழைத்ததென்று.
டொக்டர் கோவல்சுக் கெட்ட மனிதர் அல்ல.
மைனஸ் முப்பத்தெட்டில் என் கார் செத்துக் கிடந்த காலை
கையுறை இல்லாமல் வந்து
தன் பற்றரியிலிருந்து உயிர் கொடுத்தவர்.
தாளையும் அதே சிரிப்போடுதான் தருவார்.
மற்றொரு தாள் வங்கியிலிருந்து வரும்.
அதில் சிரிப்பு இல்லை.

வெர்ன் ஷ்மிட்கே, சரக்கு ரயில் ஓட்டுபவர்.
முப்பத்தாறில் ஒரு விரிசல்,
தலைமயிர் அளவு.
(முப்பத்திரண்டு பல்லுக்கு
நாற்பத்தெட்டு வரை எண் வைத்திருக்கிறோம்.
கேட்டால் காரணம் சொல்வேன்.)
குளிர் வைத்தேன், நோவில்லை.
ஒவ்வொரு முனையாகக் கடிக்கச் சொன்னேன், நோவில்லை.
வாசலில் நின்று திரையைப் பார்த்த கோவல்சுக்
மழை வரும் என்பதுபோல் "கிரவுன்" என்றார்.
போய்விட்டார்.

கை மறுபடி தூக்கப் பார்த்தது.
தூக்கியிருந்தால்
வரக்கூடியவர் அவர்தான்.

வெர்ன் கேட்டார்:
"உங்கட பல்லெண்டால் என்ன செய்வீங்கள்?"
நான்கு வருடத்தில்
எந்தப் பரீட்சையிலும் வராத கேள்வி.

36. விரிசல். நோவு இல்லை. ஆறு மாதம் பார்க்கவும்.
எழுதினேன். கீழே என் கையெழுத்து.
மேலே எவருடையதும் இல்லை.
அந்த வெள்ளி தாள் மெலிந்து வந்தது.
கோவல்சுக் ஒன்றும் சொல்லவில்லை,
கோப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்டார்.

சரியாகத்தான் செய்தேனா?
தை மாத இரவு, ஆளில்லாத தண்டவாளத்தில்
அந்தப் பல் பிளந்தால்
அது என் பல்.
ஆறு மாதத்தில் தெரியும்.
அவர் வந்தால்.

இரவு எட்டு மணி. பகல் பல் பிடுங்கிய டாரிலை அழைத்தேன்.
பஞ்சைக் கடித்தபடி "ஆர்?" என்றார்.
டொக்டர் எம் என்று தொடங்கி
நிறுத்தி
முழுப் பெயரையும் சொன்னேன்.
"ஆர்?"
மெதுவாக மறுபடி சொன்னேன்.
"ரத்தம் நின்றுட்டுதா?"
"முழுசா இல்லை."
"இன்னும் கொஞ்சம் கடிச்சுக்கொண்டிருங்கோ" என்றேன்.
எங்கோ கேட்ட குரல்.
கண்ணாடியில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
தொலைக்காட்சியில் ஹொக்கி. யாரோ கோல் போட்டார்கள்.
நான் லைனில் இருந்தேன்.