பாட்டில் எண் நாற்பத்தேழு

பதினாறு பக்கம். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.
எதில் மருந்து, எதில் வெறும் கரைசல்
டாக்டருக்கே தெரியாதாம்.
சிஸ்டர் தவமணிக்கும் தெரியாதாம்.
ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியுமாம்.
அது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன்,
சிரித்தார்கள்.

மாதம் ஒரு செவ்வாய்
ஷூ கம்பெனியில் ஒரு நாள் கூலி போகும்.
ஆம்பூரில் ஐந்தரை பஸ்.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றதும்
எபி கத்துவான்.
ஓடினால் ஒன்றுமில்லை.
நிற்பதுதான் அவனுக்கு ஆகாது.

வேலூர் ஆஸ்பத்திரி காரிடார் பெஞ்சில்
பிள்ளைகள் போக நாங்கள் ஒன்பது பேர்.
குடியாத்தம் கவுஸ் பாய்தான் முதலில் ஒப்புக்கொண்டார்,
மூடியில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்த்தாராம்.
கசந்தால் மருந்து, இனித்தால் தண்ணி.
திமிரி மோகனா தலையைக் குனிந்தாள். அவளும்.
நானும்தான்.
யாருக்கும் இனிக்கவில்லை.
அன்று கவுஸ் பாய் பெஞ்சு முழுக்க
டீ வாங்கிக் கொடுத்தார்.

கசப்பு இரண்டிலும் கலந்திருக்கிறது என்று
சிஸ்டர் சொன்னது அடுத்த மாதம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா?
பூஜ்யம் என்றால் எப்போதும்,
மூன்று என்றால் ஒருபோதும் இல்லை.
ஜனவரியில் மூன்று போட்டேன்.
மே மாதம் இரண்டு.
மாறியது அவனா,
ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு
வாயை மூடிக் காத்திருக்கப் பழகிய நானா?
அதற்குக் கட்டம் இல்லை.
பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.

கடைசிச் செவ்வாய்
காலிப் பாட்டில்களை எண்ணித் திருப்பித் தரவேண்டும்.
சிஸ்டர் மேசையில் எபியே அடுக்கினான்,
லேபிள் எல்லாம் ஜன்னலைப் பார்க்க,
பதினொன்று.
பன்னிரண்டாவதை உதட்டில் வைத்து
ஊதினான்.
ஆம்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும்
ராத்திரி கூட்ஸின் அதே குரல்.

காரிடாரில் ஒன்பது தலையும் திரும்பின.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று
எங்களுக்கு யாராவது போட்டிருக்கலாம்.

கடைசிப் பிள்ளை முடித்த பிறகுதான்
யாருக்கு எது என்று பிரிப்பார்களாம்.
அடுத்த வருஷம் கடிதம் வருமாம்.
கொடுத்தது பன்னிரண்டு, வந்தது பதினொன்று,
காரணம் என்ற இடத்தில்
சிஸ்டர் ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை.

திரும்பும்போதும் டோல்கேட்டில் பஸ் நின்றது.
எபி கத்தினான்.
பிறகு ஊதினான்.
பிறகும் கத்தினான்.
கண்டக்டர் தன் விசிலை
வாய்வரை கொண்டுபோய்
அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.