பதினான்கும் எண்பத்தேழும்

ராணிப்பேட்டை சிப்காட்.
ஷூ கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில்
மேசைக்கு ஒருவராக இருபத்திரண்டு பேர்.
சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை.
தாள் கொடுப்பவள் நான்.
கேள்விகளைத் தமிழாக்கியவளும் நான்தான்,
அதற்குத் தனியாக எண்ணூறு ரூபாய்.

'பார்ட்டிகளில் உற்சாகமாக இருப்பேன்' என்பதை
ஒரு ராத்திரி முழுக்க உருட்டிப் பார்த்து
'விசேஷ வீடுகளில்' என்று போட்டிருந்தேன்.
மேல்விஷாரம் அப்ஸர் கை தூக்கினான்:
"கல்யாணமா மேடம், காரியமா?"
விளக்கம் தரக் கூடாது என்கிறது கையேடு.

சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் இல்லை.
இந்த வரியை மட்டும் சத்தமாகப் படிக்க வேண்டும்.
படித்தேன்.
யாரும் நம்பவில்லை.
பள்ளிக்கூடம் போனவர்கள் ஆயிற்றே.

நூற்றிருபது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம்.
நடுவட்டத்தையே கருக்கிக்கொண்டு போனால்
முடிவெடுக்கத் தெரியாதவர்.
ஓரத்து வட்டங்களையே கருக்கினால்
நிதானம் இல்லாதவர்.
'நான் இதுவரை பொய்யே சொன்னதில்லை'
என்பதற்கு ஆமாம் போட்டால் பொய்யர்.
மூன்று வருடம் முன்பு இதே மேசையில்
நான் ஆமாம் போட்டேன்.
அப்போதைய மேனேஜருக்கு
அதையெல்லாம் பார்க்கப் பொறுமையில்லை.

பதினான்காவது: எனக்குச் சட்டென்று கோபம் வராது.
எண்பத்தேழாவது: சின்ன விஷயத்துக்கும் எரிச்சல்படுவேன்.
ஒரே கேள்விதான்,
சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருகிறது.

யுவராணி, கலவைக்காரி,
டிப்ளமோவில் முதல் வகுப்பு,
தரம் பார்க்கும் வேலைக்கு வந்தவள்,
இரண்டுக்கும் ஆமாம்.

பச்சை, மஞ்சள், சிவப்பாய் அறிக்கை வந்தது.
அவள் பெயருக்கு நேரே சிவப்பு.
'முரண்பட்ட பதில்கள். பரிந்துரைக்கவில்லை.'

போனில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.
ஒப்புக்கு நாலு வார்த்தை சொல்லி வைக்கப் பார்த்தேன்.
விடவில்லை.
"எந்தக் கேள்வி மேடம்?"
சொல்லக் கூடாது.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மட்டும்.
வாலாஜா, வாலாஜா என்று ஒருவன்
தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான்.

"பதினாலு எழுதும்போது ஃபேன் ஓடிச்சு மேடம்.
அறுவதுல கரண்ட் போச்சு.
ஜெனரேட்டர் தையல் பக்கம் மட்டும்தான் ஓடிச்சு.
அக்னி நட்சத்திரம் வேற.
தண்ணி கேட்டோம், டெஸ்ட் முடியட்டும்னீங்க.
பக்கத்துல இருந்த பொண்ணுக்கு மூக்குல ரத்தம்,
சூப்பர்வைசர் ஓடிவந்து
தாள்ல படாம பாத்துக்கோன்னாரு.
எண்பத்தேழு அதுக்கப்புறம்தான் வந்துச்சு.
ரெண்டும் நெசம் மேடம்."

கையேட்டை மறுபடி எடுத்தேன்.
எட்டாம் பக்கத்தில் ஒரு வரி:
'அமைதியான, காற்றோட்டமான அறையில் நடத்தவும்.'
என் தமிழ்தான்.

குறிப்பு என்கிற கட்டத்தில்
'அறுபதாம் கேள்வி முதல் மின்சாரம் இல்லை'
என்று எழுதி மேலே அனுப்பினேன்.
பதில் மத்தியானமே வந்தது:
மற்ற இருபத்தொரு பேருக்கும் அதே வெயில்தானே?

அதுவும் சரி.
அவர்கள் பதினான்கில் போட்டதை நினைவில் வைத்திருந்து
எண்பத்தேழில் கவனமாகத் தலைகீழாக்கியிருந்தார்கள்,
வியர்வை சொட்டிய இடத்தில் வட்டம் கலைந்திருக்க,
கோபமே வராதவர்களாக.

திங்கட்கிழமை ஒருவர் சேர்ந்தார்.
முழுப் பச்சை.
மிகவும் அமைதியானவர், வணக்கம் வைப்பதில் குறையே இல்லை.
நேற்று பேக்கிங் பக்கம் போனபோது
சும்மா ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்தேன்.
இடது காலில், குதிகாலுக்கு மேலே,
நூல் பிரிந்து தொங்கியது.
அதற்குப் பக்கத்தில் அவர் குத்திய முத்திரை,
கோணாமல், பிசிறில்லாமல்.