இரண்டு எம்.பி.க்கு மிகாமல்

ஐந்து மணிக்கு இணையவாசலைச் சாத்திவிடுவார்கள்.
இப்போது மூன்று ஐம்பது.
கருப்பூரில் ஒருமுறை மின்சாரம் போய் வந்தாயிற்று.
சுரங்கத்து வெடியின் வெள்ளைத்தூள்
ஜன்னல் கம்பியில் படிந்திருக்கிறது.
நான் பதினேழாம் கட்டத்தில் நிற்கிறேன்:
இவ்வாய்வின் தேசிய முக்கியத்துவம்,
மூவாயிரம் எழுத்துகளுக்குள்.

தேசம் என்று தொடங்கி அழித்தேன்.
சிவதாபுரம் என்று எழுதினேன்.
அதையும் அழித்தேன்.

மூளை, நரம்பு ஆய்வுகளுக்கு
அரசு ஒதுக்கியிருக்கும் தொகையை
எங்கள் துறை எழுத்தர் குழந்தைவேலு
சுழி சுழியாய் விரல் வைத்து எண்ணினார்.
"இதுல நமக்கு எத்தனைங்க மேடம்?"
முப்பத்தெட்டு லட்சம் கேட்கிறேன், மூன்று வருடத்துக்கு.
மைனஸ் எண்பதில் ஓர் உறைபெட்டி,
நரம்பில் ஓடும் மின்சாரத்தை அளக்க ஒரு கருவி,
வீடு வீடாகப் போகும் ரெஹானாவுக்குச் சம்பளம்.
எதிர்பாராச் செலவு என்ற தலைப்பில்
எதிர்பார்த்ததையெல்லாம் போட்டிருக்கிறேன்.

போன வருடம் ஒற்றை வரியில் திருப்பி அனுப்பினார்கள்:
புதுமை போதாது.
சரிதான்.
கை நடுங்குவதில் என்ன புதுமை.

அர்த்தநாரிக்கு நாற்பத்து மூன்று வயது.
பொடி வைத்துப் பேசத் தெரியாதவர்,
பொடி வைத்துப் பற்றவைக்கத்தான் தெரியும்.
ஒரு சோடிக் கொலுசுக்கு இருநூறு இணைப்பு.
இணைப்புக்கு ஓர் ஊதல்,
ஊதலுக்குப் பின் ஒரு மூச்சிழுப்பு.
பொடியில் கேட்மியம் கலந்திருப்பது அவருக்குத் தெரியும்,
பெயர்தான் தெரியாது.
"மஞ்சப் பொகை வரும்ங்க. அன்னைக்கு ராத்திரி
சோத்துல காசு ருசி அடிக்கும்."
அந்த ருசியை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பன்னிரண்டு பேரிடம் தாளும் பேனாவும் கொடுத்து
ஒரு சுருள் வரையச் சொன்னோம்,
நடுவிலிருந்து வெளியே, கையை எங்கும் ஊன்றாமல்.
சோதனைக்கு ஆன செலவு பன்னிரண்டு தாள்.
அர்த்தநாரியின் கோடு
ஏற்காட்டுப் பாதைபோல ஏறியது,
வளைவுக்குள் வளைவாக, பஸ்ஸில் குமட்டுகிற மாதிரி.
முடித்துவிட்டு அதைத் தூரப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.
"வெள்ளியத் தொட்டா நின்னுடும்ங்க கை.
காகிதம்னாதான் இப்படி."
பிறகு கேட்டார்,
மூணு வருசங் கழிச்சும் வருவீங்களா?
ஒப்புதல் படிவத்தில் அவர் கையொப்பம்
மூன்று இடத்தில் தொடங்கி
ஓர் இடத்தில் முடிந்திருக்கிறது.

நான்கு முப்பது.
இங்கேயும் இணைப்புதான் பாக்கி:
இரண்டு எம்.பி.க்கு மிகாமல்.
"சிபாரிசு கேக்கறாங்களா மேடம்?" என்கிறார் குழந்தைவேலு,
நிஜமாகவே கேட்கிறார்.

பன்னிரண்டு சுருளும் சேர்ந்து பதினாலு எம்.பி.
சுருக்கினேன்.
சுருங்கியது.
திறந்து பார்த்தால்
ஒருவர் கையும் நடுங்கவில்லை.
காம்பஸ் வைத்துப் பள்ளிப்பிள்ளை போட்டதுபோல
வழவழவென்று பன்னிரண்டு சுருள்.
எல்லோரும் குணமாகியிருந்தார்கள்
நான்கு முப்பத்தாறுக்கு.

ஒரே ஒரு தாள் என்றால் நடுக்கத்தோடு போகும்.
யாருடையது?
ரெஹானா அர்த்தநாரியினுடையதை எடுத்தாள்,
வைத்துவிட்டாள்.
இதைப் பார்த்தால்
பஸ்ஸில் உட்கார்ந்து வரைந்ததென்று சொல்வார்கள்.
அடியிலிருந்த இன்னொன்றை உருவினாள்.
திருமூர்த்தி, பத்தொன்பது வயது,
ஊதுகுழல் பிடித்து எட்டு மாதம்.
எல்லாச் சுற்றும் சுத்தம்.
கடைசிச் சுற்றில் மட்டும், ஓர் இடத்தில்,
எறும்பு தடுக்கி விழுந்ததுபோல் ஓர் உதறல்.

பதினேழாம் கட்டத்துக்குத் திரும்பிப் போய்
அந்த எறும்பைப் பற்றி எழுதினேன்.
இருநூற்றுப் பதினோரு எழுத்து.
மிச்சத்தைக் காலியாக விட்டேன்.

நான்கு ஐம்பத்தெட்டு.
விளக்கு ஒருமுறை மங்கி எழுகிறது.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
குழந்தைவேலு யூபிஎஸ் பெட்டிமேல் கை வைத்து நிற்கிறார்,
ஈனப்போகும் மாட்டைத்
தடவிக்கொடுப்பதுபோல.